கேட்டருகே ஏழு அடிக்கட்டைகள்

எங்கள் கம்பெனி கேட்டுக்கு உள்ளே, டிரான்ஸ்பார்மருக்குப் போகிற பாதையோரம் ஏழு மரங்கள் இருந்தன. நான்கு குல்மோகர், மூன்று மஞ்சள் கொன்றை. கன்டெய்னர் லாரி திரும்ப இடம் போதவில்லை என்று வெட்டினார்கள். வெட்ட வந்தவர்கள் முழங்கால் உயரத்துக்கு அடிக்கட்டையை விட்டுவிட்டு, விறகை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கட்டைகளைப் பெயர்க்க ஜே.சி.பி. வந்தபோது நிறுத்தியது நான்தான். வேருக்கு அடியில் மின்கேபிளும் தீயணைப்புக் குழாயும் ஓடுகின்றன. வேரை இழுத்தால் இரண்டும் சேர்ந்து வரும். நான் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். பெர்மிட்டில் என் கையெழுத்து இல்லாமல் அங்கே ஒரு குழி தோண்ட முடியாது. போட மாட்டேன் என்றேன். அட்மின் ஆபீசர் கத்தினார். நானும் கத்தினேன். கட்டைகள் நின்றன.

இரண்டு மழைக்காலம் அப்படியே நின்றன. டிரைவர்கள் அதன் மேல் உட்கார்ந்து டீ குடித்து, கப்பை அங்கேயே கசக்கிப் போட்டார்கள். ஒரு கட்டையில் காளான் முளைத்தது. இன்னொன்றில் யாரோ பான் துப்பித் துப்பிச் சிவப்பாக்கி வைத்திருந்தார்கள். அதற்கு நேர் மேலே சுவரில் 'பசுமையைக் காப்போம்' என்று கம்பெனி போர்டு. தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் உள்ளே போவேன். பார்க்கிற ஒவ்வொரு நாளும் எரிச்சல் வரும். ஆனால் நானும் ஒன்றும் செய்யவில்லை.

செய்தது தோட்ட வேலைக்கு வந்த அந்த அம்மா.

உத்தனப்பள்ளியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். வீட்டில் தெலுங்கு, கேட்டில் இருந்த கன்னடக்கார செக்யூரிட்டியிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். ஆறு வருஷமாக எங்கள் புல்தரைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அந்த ஆறு வருஷத்தில் நான் அவரிடம் பேசியதெல்லாம், "ஏம்மா, ஓஸ இங்க போடாத, ஆள் தடுக்கி விழுவான்" என்பது மட்டும்தான்.

போன வருஷம் புல்தரையையும் எடுத்துவிட்டு, லாரி நிறுத்த கான்கிரீட் போடுவதாக முடிவானது. அன்று கேட் பக்கம் நான் கேபிள் மூடியைத் திறந்து வைத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அட்மின் ஆபீசர் அந்த அம்மாவை அங்கேயே நிறுத்தி வைத்துச் சொன்னார்.

"புல்லும் இல்ல, மரமும் இல்ல. அப்புறம் தோட்டத்துக்கு ஆள் எதுக்கும்மா? கான்ட்ராக்டர்கிட்ட சொல்லிட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு உனக்குப் பாஸ் கெடையாது."

அழுவார் என்று நினைத்தேன். அவர் கையை நீட்டிக் காட்டினார்.

"கட்ட இருக்குதுங்களே, சார்."

"எந்தக் கட்ட?"

"அதோ, ஏழு நிக்குது பாருங்க. கொடஞ்சு, மண்ணு போட்டு, செடி வெக்கறேன். ஏழுலயும் செடி நின்னா எனக்கு வேல குடுங்க. நிக்கலன்னா நானே போயிக்கறேன்."

இரண்டு மாதம் கழித்து வெளிநாட்டிலிருந்து வாடிக்கையாளர்கள் பிளான்ட் பார்க்க வருவதாக இருந்தது. அவர்கள் கண்ணில் படாமலிருக்க, கட்டைகள் மேல் பிளாஸ்டிக் புல் விரிப்பைப் போர்த்தலாம் என்று அட்மின் ஆபீசர் யோசித்து வைத்திருந்தார். பிளாஸ்டிக் புல்! மரத்தை வெட்டிவிட்டு அதன் பிணத்தின் மேல் பிளாஸ்டிக்கைப் போர்த்தத் தோன்றுகிற மூளையை என்ன சொல்வது? ஆனாலும் அவர் கொஞ்ச நேரம் கட்டைகளையே பார்த்தார். "ஏழும் நிக்கணும். விசிட்டுக்கு ஒரு வாரம் முன்னாடி வந்து பாப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "ஏம்மா, கட்ட இரும்பு கணக்காக் கெடக்கு. நீ கொடஞ்சு முடிக்கதுக்குள்ள எனக்கு ரிடையர்மென்ட் வந்துரும்" என்றேன். நான் தெற்கத்திக்காரன். ஓசூருக்கு வந்து இருபத்திரண்டு வருஷமாகியும் கோபமும் கிண்டலும் வந்தால் எங்கள் ஊர்ப் பேச்சுத்தான் வரும்.

"இரும்புன்னா உங்ககிட்ட வந்திருப்பேன் அண்ணா. இது மரம். எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு அவர் ஓஸைச் சுருட்டினார்.

அந்த வேலை அவருக்கு எதற்கு வேண்டும் என்று செக்யூரிட்டி சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. வீட்டுக்காரர் வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்புகளில் காய் பறிக்கிற வேலை செய்தவர். சர்க்கரை நோயில் கால் விரல் இரண்டை எடுத்தாகிவிட்டது. ஊசியும் மாத்திரையும் மாதாமாதம் இந்தக் கான்ட்ராக்ட் வேலைக்குக் கொடுத்திருந்த ஆஸ்பத்திரிக் கார்டில்தான் வந்துகொண்டிருந்தன. பாஸ் போனால் கார்டு போகும். கார்டு போனால் அடுத்தது எந்த விரல் என்று கேட்க வேண்டியதில்லை.

மறுநாள் அவர் வேலையை ஆரம்பித்த விதத்தைப் பார்த்தேன். உளியை எடுக்கவில்லை. அரிவாளின் பின்பக்கத்தால் ஒவ்வொரு கட்டையாகத் தட்டிக்கொண்டே போனார். மெஷினில் பேரிங் சரியாக இருக்கிறதா என்று நான் ஸ்க்ரூடிரைவரின் ஒரு முனையை அதன் மேலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்பேன். அதே மாதிரித் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு ஒவ்வொரு கட்டையின் தலையிலும் ஒரு மக்கு தண்ணீர் ஊற்றிவிட்டு நின்று பார்த்தார். நான்கில் தண்ணீர் இறங்கியது. மூன்றில் அப்படியே நின்றது. இறங்கியதில் உள்ளே வெடிப்பு இருக்கிறது, தண்ணீர் தானாக வடியும். நின்றதில் வடிய வழி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் செடியின் வேர் அழுகும். எனக்கு அதை யாரும் விளக்கவில்லை, பார்த்தவுடனே புரிந்தது. சோதனை என்றால் அதுதான் சோதனை. எங்கள் குவாலிட்டி டிபார்ட்மென்டில் ஏ.சி. போட்டு உட்கார்ந்திருக்கிறவர்களில் பாதிப்பேருக்கு அந்த அறிவு கிடையாது.

கட்டையின் நடுவில் கனன்ற கரியைப் போட்டு எரித்தே குடைவதுதான் அவர்கள் பக்கத்து வழக்கமாம். அதற்கு நான் விடவில்லை. கம்பெனிக்குள் நெருப்பு என்றால் பெர்மிட் போட வேண்டும், தீயணைப்பு சிலிண்டர் வைக்க வேண்டும், ஒரு ஆள் காவல் நிற்க வேண்டும்.

"நாலு துண்டு கரி போட கலெக்டர் கையெழுத்தாண்ணா?"

"கலெக்டர் போட்டாலும் நான் போட மாட்டேன். கீழ கேபிள் ஓடுது."

"செரி உடுங்க. கை இருக்குது."

உளியும் சுத்தியலுமாகக் கையால் குடைந்தார். உளுத்துப் போன நடுப்பகுதியிலிருந்து ஆரம்பித்து வெளியே வந்தார். சுற்றிலும் நான்கு விரல் கனம் மிச்சம் விட்டார். பட்டையை ஒரு இடத்திலும் உரிக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு சாண் ஆழம் போனால் பெரிது. கை கொப்பளித்தது, துணியைச் சுற்றிக்கொண்டு அடித்தார். ஒரு வாரம் பார்த்தேன். எட்டாம் நாள் போய், "துளை நான் போட்டுத் தாரேன்" என்றேன். தண்ணீர் நின்ற மூன்று கட்டைகளுக்கு வெளிப்பக்கமிருந்து சாய்வாகத் துளை போட வேண்டும். அவ்வளவு நீள டிரில் பிட் ஸ்டோரில் இல்லை. ஒரு பிட்டில் கம்பியை வெல்டிங் வைத்து நீட்டிக்கொண்டு வந்து போட்டேன். அவர் தண்ணீரை ஊற்றினார். துளை வழியே ஒழுகி வந்தது. "ஆஹா, அண்ணா கை வெச்சா தப்பே வராது" என்றார். அந்தப் பாராட்டுத்தான் என்னைக் கெடுத்தது.

அந்த மூன்று கட்டைகளிலும் கறையான் இருந்தது. சனிக்கிழமையே பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லீவு. எங்களுக்கு அன்றைக்குத்தான் வேலை அதிகம், உற்பத்தி லைன் நின்றிருக்கும். மதியம் சாப்பிட்டுவிட்டு வந்தவன், பழைய ஆயில் சேர்த்து வைக்கிற டிரம்மிலிருந்து ஒரு கேன் பிடித்தேன். பிரஷ் எடுத்து மூன்று கட்டைகளின் உட்புறமும் நன்றாக அடித்தேன். மிச்சத்தை அடியில் ஊற்றினேன். கதவு நிலைக்கு அடிப்போம், மரப் பெட்டிக்கு அடிப்போம், கம்பத்துக்கு அடிப்போம். கறையான் வந்தால் கழிவு ஆயில். இருபத்திரண்டு வருஷம் மெஷினோடு கிடந்தவன் மூளைக்கு அதுதான் எட்டும். உள்ளே வைக்கப்போவது செடி என்பது தெரியாமலில்லை. தெரிந்துகொண்டேதான் அடித்தேன். திங்கட்கிழமை அவரிடம் சொல்லக்கூட இல்லை. நல்ல காரியம் செய்தவன் சொல்லிக் காட்டக்கூடாது என்று பெருமை வேறு.

மரம் ஆயிலைக் குடித்துவிட்டது. கருப்பாகத் தெரிந்தது, அவ்வளவுதான். வாசனை வந்திருக்குமே என்றால், அந்த வளாகத்தில் காற்றே ஆயில் வாசனைதான். அவர் அடியில் ஜல்லி போட்டார். மேலே செம்மண்ணும் மட்கிய சாணமும் கலந்து நிரப்பினார். உடனே செடி வைக்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"கட்ட மக்கறப்போ சோறு கேக்கும்ண்ணா. மண்ணுல இருக்கற சத்தெல்லாம் அதே தின்னுப்புடும். மொதல்ல அதுக்குப் போட்டு பசி தீக்கணும். அப்புறம்தான் செடிக்கு."

பத்து நாள் தண்ணீர் மட்டும் தெளித்தார். பிறகு செடிகள் வந்தன. எதையும் கம்பெனியிடம் கேட்கவில்லை. தெரிந்தவர் நர்சரியில் ஒதுக்கிப் போட்ட செவ்வந்தி நாற்று, யார் வீட்டு மாடியிலிருந்தோ கிள்ளி வந்த டேபிள் ரோஸ், கேன்டீன் சுவரோரம் தானாக முளைத்திருந்த பெரணி. லாரியின் சூடு அடிக்கிற பக்கம் டேபிள் ரோஸ். நிழல் விழுகிற கட்டையில் பெரணி. ஏழு கட்டைக்கும் ஏழு யோசனை.

இரண்டு வாரத்தில் நான்கு கட்டைகள் பொங்கி வழிந்தன. காலையில் பத்து மணிக்கு டேபிள் ரோஸ் விரிகிறபோது, ஷிப்டுக்கு நடுவில் டீ குடிக்க வந்த பையன்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். பான் துப்புகிற டிரைவர்கூட வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் போய்த் துப்பினான். மற்ற மூன்றும் மஞ்சளாகி, கருகி, தண்டோடு சாய்ந்தன.

அவர் துளை வழியே வடிந்த தண்ணீரை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சற்றுத் தள்ளி நின்று பார்த்தேன். தண்ணீரின் மேல் வானவில் நிறம் மினுங்கியது. நான் ஊற்றிய ஆயில். இரண்டு நாள் கேட் பக்கம் போகாமல் ஸ்டோர் வழியாகச் சுற்றிப் போனேன். வாழ்நாளில் யாருக்கும் பயந்து வழி மாறிப் போனதில்லை. மூன்றாம் நாள் என் மேலேயே எனக்கு அருவருப்பாகிவிட்டது. நேரே போனேன்.

"கறையான் இருந்துச்சு. ஆயில் அடிச்சேன். நாந்தான்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படுவார், சாபம் விடுவார், வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"மிசினுக்கு ஊத்தறத செடிக்கு ஊத்தினீங்களா?"

"ஆமா."

"கியர் போட்டு ஓடும்னு நெனச்சீங்களாண்ணா?"

நான் குனிந்து, கருகிச் சாய்ந்த தண்டைப் பார்த்தேன்.

"கறையான் செடிய ஒண்ணும் பண்ணாது. செத்த மரத்தத்தான் திங்கும். உங்கள யாரு கேட்டது?" குரல் அப்போதுதான் உடைந்தது. "பன்னெண்டு நாளுதான் இருக்குது. ஏழும் நிக்கணும்னு அவரு சொன்னது நீங்களுந்தானே கேட்டீங்க?"

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். உளியை எடுத்து என் கையில் கொடுத்தார். "நான் மண்ண அள்றேன். நீங்க செதுக்குங்க. ஆயிலு எவ்வளவு தூரம் போயிருக்குதோ அவ்வளவையும்."

ஆயில் கட்டைவிரல் ஆழத்துக்குப் போயிருந்தது. சாப்பாட்டு நேரமெல்லாம் செதுக்கினேன். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன் ஒவ்வொரு நாளும் வண்டியை நிறுத்தி, "என்னண்ணா, மெயின்டனன்ஸ்ல இருந்து சிற்பக் கலைக்கு டிரான்ஸ்ஃபரா?" என்பான். திட்டுவேன். சிரித்துக்கொண்டே போவான். மூன்றாவது கட்டையின் சுவர் மெலிந்து பக்கவாட்டில் பிளந்தது. நான் தலையில் கை வைத்தேன். அவர் பேக்கிங் பகுதிக்குப் போய், பெட்டிகளை இறுக்கிக் கட்டுகிற இரும்புப் பட்டையையும் அதன் கருவியையும் கேட்டு வாங்கி வந்தார். கட்டையைச் சுற்றி இரண்டு வரி போட்டு இறுக்கினார். பிளவு மூடிக்கொண்டது. அந்தக் கருவியை அவர் அதற்கு முன்னால் தொட்டதே இல்லை. தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார், அவ்வளவுதான்.

மிச்சமிருக்கிற ஆயில் மண்ணில் இறங்காமலிருக்க, ஏரியிலிருந்து களிமண் எடுத்து வந்தார். பஸ்ஸில், இரண்டு கட்டைப் பையில், இரண்டு நாள். சாணத்தோடு பிசைந்து உள்சுவரில் சப்பாத்தி கனத்துக்கு அப்பினார். மேலே புது மண். புதுத் தண்டுகள். ஒரு விரல் நீளக் குச்சிகள். பார்க்க மொட்டைத் தலையில் நான்கு முடி நட்ட மாதிரி இருந்தது.

அட்மின் ஆபீசர் பார்க்க வருவதற்கு முதல் நாள் அந்த அம்மா என்னிடம் வந்தார். "நாளைக்கு நீங்க ஒண்ணும் பேசக்கூடாது. அந்த டிரம்மு மேல மண்டை ஓடு படம் ஒட்டியிருக்குது. அதுல இருந்து ஒரு சொட்டு எடுத்தாலும் நோட்டுல எழுதணும்னு செக்யூரிட்டி சொன்னாரு. எழுதுனீங்களா?"

"இல்ல."

"அப்ப வாய மூடிக்கினு இருங்க. உங்க வேலைக்கு மோசம் வந்துரும்."

மறுநாள் அட்மின் ஆபீசர் வந்தார். நான்கு கட்டைகளையும் குனிந்து பார்த்தார். முகம் மலர்ந்ததை மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு மற்ற மூன்றிடம் வந்தார்.

"இது என்னம்மா, குச்சி? ஏழும் நிக்கும்னு சொன்னியே."

"தண்ணி சாஸ்தி உட்டுட்டேன் சார். என்னோட தப்புதான். இன்னும் நாப்பது நாளு..."

ஒரு பொம்பளை தன் சோற்றை விட்டுக்கொடுத்து என்னைக் காப்பாற்றுகிறாள். அதைக் கேட்டுக்கொண்டு நான் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த கோபம் என் வாழ்க்கையில் எவன் மேலும் வந்ததில்லை.

"அந்த அம்மா பொய் சொல்லுது சார். மூணையும் கெடுத்தவன் நான். கழிவு ஆயில் ஊத்தினேன்."

"அண்ணா!" என்று பல்லைக் கடித்தார் அவர்.

"எந்த ஆயில்?" என்றார் அட்மின் ஆபீசர். "அந்த டிரம்மா? ரெஜிஸ்டர்ல எழுதினீங்களா?"

"எழுதல. பெரிய தப்புதான். எனக்கு என்ன குடுக்கணுமோ குடுங்க. ஆனா இந்த அம்மா ஏழும் ஒழுங்காத்தான் செஞ்சுது. செத்தத மறுபடி பன்னெண்டு நாள்ல எழுப்பி நிறுத்தியிருக்குது. நம்ம பிளான்ட்ல இப்படி வேல பாக்கிற ஒரு ஆளக் காட்டுங்க, நான் இப்பவே வீட்டுக்குப் போறேன்."

 அட்மின் ஆபீசர் மூன்றாவது கட்டையின் இரும்புப் பட்டையை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு ஆபீசுக்குப் போனார்.

மூன்று நாள் கழித்து எனக்கு மெமோ வந்தது. அதே நாள் கான்ட்ராக்டரின் ஆள் வந்து அந்த அம்மாவிடம் புதுப் பாஸ் கொடுத்தான். ஒரு வருஷத்துக்கு. அவர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நேரே ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். என் மெமோவை வாங்கித் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார்.

"இங்கிலீசுல இன்னா எழுதியிருக்குது?"

படித்துச் சொன்னேன். அனுமதியின்றி அபாயகரமான கழிவை எடுத்து மரக்கட்டைகளில் பயன்படுத்தியது.

"எம்பேரு இருக்குதா அதுல?"

"இல்ல."

"தேவல." மெமோவை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். "உங்கள யாரு பேசச் சொன்னது? இவ்வளவு வாய் இருக்கறவரு, ஆயில் அடிக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

கேட்டிருக்கலாம்.

வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள். கண்ணாடி ஏற்றிய காரில் கட்டைகளைத் தாண்டிப் போனார்கள். பார்த்தார்களா என்று தெரியாது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை அந்த அம்மா அரை நாள் லீவு சொன்னார். வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக வேண்டும், மாத்திரை வாங்குகிற நாள். கார்டை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையில் வைத்திருந்தார். கேட்டுக்கு வெளியே போனவர், திரும்ப வந்து என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணா, அந்த மூணுக்கும் சாயங்காலம் தண்ணி ஊத்தணும். ஒரு கட்டைக்கு ஒரு மக்கு. ஒண்ணே ஒண்ணு. உங்க இஷ்டத்துக்கு எதையும் சேக்காதீங்க."

"சரிம்மா."

"தொட்டியில இருக்கற தண்ணி. உங்க ஒர்க்‌ஷாப்பு தண்ணி வேண்டாம்."

"சரின்னேன்ல."

பஸ் வந்துவிட்டது. ஓடிப் போய் ஏறினார். சாயங்காலம் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவிவிட்டுப் போய், ஒரு கட்டைக்கு ஒரு மக்கு ஊற்றினேன். துளை வழியே தண்ணீர் தெளிவாக வடிந்தது. மூன்றாவது கட்டையில், இரும்புப் பட்டை கட்டிய இடத்துக்குப் பக்கத்தில், ஒரு குச்சியின் நுனியில் அரிசி அளவுக்கு ஒரு தளிர் வந்திருந்தது. அதைத் தொடாமல் வந்துவிட்டேன்.